பாசறைக்கு வேண்டும் கலங்கள்

உலகில் வாழும் உயிர்கள் பலவும் இயற்கை தரும் உணவை அவ்வாறே உண்டு வாழ்கின்றன. மனிதன் ஒருவனே தன் உணவைத் தீயின் துணைகொண்டு பக்குவம் செய்து உண்கின்றான். அவ்வாறு சமைத்தலை 'அடுதல்' என்பது தமிழ் வழக்கு. அடுப்பு, அடுக்களை, அடிசில் என்னும் சொற்கள் இதன் வழிப் பிறந்தவையே. இனி, வழிச் செல்வோர் தம்முடன் கொண்டு செல்லும் உணவுக்கு 'ஆற்றுணா' என்று பெயர். 'ஆறு' என்பது ஈண்டு வழியைக் குறித்தது. வீட்டில் அடுதல் ஒன்று. வழியில் உண்ணுதல் மற்றொன்று. வீட்டை விட்டு நீங்கிய இடத்திலேயே அட்டு உண்ண வேண்டிய நிலை பாசறையில் ஏற்படுகின்றது. அங்குச் செல்வோர் தேர்ந்து கொள்ள வேண்டிய கலங்கள் எவை என்பதை ஆராய்தல் பயனுடையது.

மாணவர்க்குப் பாசறை வாழ்வைப் பயிற்றும் இயக்கங்களுள் தலைசிறந்தது சாரணர் இயக்கம். அதனைத் தோற்றுவித்த பேடன் பவல் பெருமகனார் 1907ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த பிரௌன்சீ தீவில், ஏறத்தாழ இருபது சிறுவர்களைக் கொண்டு முதற் பாசறையை நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே வேற்றுமையின்றி ஒருங்கு தங்கினர். பின்னர் அவ்வியக்கம் உலகெங்கும் பரவிற்று. நம் நாட்டில் 1950ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பாரத சாரணர் சாரணியர் இயக்கம் உருவாயிற்று. கூடிச் சமைத்தலும், கூடி உண்ணுதலும், உண்டபின் கூடிக் கலம் கழுவுதலும் இன்றும் சாரணர் பயிற்சிகளுள் சிறந்தனவாகவே உள்ளன.

உணவு முன், கலம் பின்

எண்மர் கொண்ட அணி ஒன்று சனிக்கிழமை காலையில் சேலத்திலிருந்து புறப்பட்டு, ஏற்காட்டில் ஓரிரவு தங்கி, ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீடு திரும்புவதாகக் கொள்க. அவர்கள் எவ்வெக் கலங்களை எடுத்துச் செல்ல வேண்டும்?

இவ்வினாவை வீட்டு அடுக்களையில் நின்று கேட்டால் விடை நீண்டுகொண்டே போகும். தோசைக்கல் இருந்தால் நல்லது. இட்லிப் பானை இருந்தால் அதனினும் நல்லது. சட்டுவம், வாணலி, வடிதட்டு, அரிவாள்மணை எதுவும் வேண்டாதது என்று தோன்றாது. இறுதியில் மூட்டை ஆளைக் காட்டிலும் பெரிதாகிவிடும். ஆதலின், 'எதை எடுத்துச் செல்வது?' என்று கேட்பதற்கு முன்னர், 'எதை உண்பது?' என்று கேட்டல் வேண்டும். உணவு முடிவாயின் கலம் தானே முடிவாகும்.

இருநாட் பாசறையில் உண்ணும் வேளைகள் நான்கே. சனிக்கிழமை நண்பகலுக்கு வீட்டிலிருந்து கட்டிக் கொணர்ந்த புளிச்சோறு போதும். அதற்கு அடுப்பே வேண்டுவதில்லை. இரவுக்கு அரிசியும் பாசிப்பருப்பும் சேர்த்து வேகவைத்த பொங்கல். மறுநாட் காலைக்கு உப்புமா. நண்பகலுக்குச் சோறும் புளிக்குழம்பும். இவ்வளவே உணவெனின், தோசைக்கல்லும் இட்லிப் பானையும் தாமே நீங்கிவிடுகின்றன. உப்புமாவுக்கு வேண்டிய ரவையை வீட்டிலேயே வறுத்துக்கொண்டால் வாணலியும் வேண்டாம். குழம்புப் பொடியை முன்னரே இடித்து எடுத்துச் சென்றால் அம்மியை நினைக்கவும் வேண்டாம். வீட்டில் ஒரு நாழிகை உழைத்தால் வழியில் ஒரு மூட்டை குறைகின்றது.

அளவும் பொருளும்

மேற்கூறிய உணவுகளைச் சமைக்க இரண்டு கலங்கள் போதும். ஒன்று பெரியது, மற்றொன்று அதனுள் அடங்கும் சிறியது. ஒன்றினுள் ஒன்று அடங்கும் கலங்கள் ஒரு கலத்தின் இடத்தையே கொள்ளும். சிறு கலத்தினுள் உப்பு, புளி, பொடி முதலியவற்றையும் நிரப்பிக்கொள்ளலாம்.

பெரிய கலத்தின் அளவைக் கணக்கிட்டே அறிதல் வேண்டும். எண்மரின் இரவு உணவுக்கு ஒரு கிலோ அரிசியும் கால் கிலோ பருப்பும் எனக் கொண்டால், இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் இடத்தைக் கொள்ளும். பொங்கல் குழைய வேகுதற்கு அதனைப் போல மூன்று மடங்குக்கு மேல் நீர் வேண்டும். கொதித்து நுரை பொங்குதற்கும் இடம் விட வேண்டும். ஆகவே 8 லிட்டர் கொள்ளும் கலமே ஏற்றது. இதனிற் சிறியதாயின் பொங்கி வழிந்து அடுப்பை அணைக்கும். மிகப் பெரியதாயின் சுமையும் விறகுச் செலவும் மிகும். குழம்பு வைக்கும் சிறு கலம் 4 லிட்டர் கொண்டால் போதும்.

இனி, அக்கலங்கள் எப்பொருளால் ஆனவையாக இருத்தல் நலம்? மட்பானையில் வைத்த குழம்பின் சுவை தனியானதே. ஆயினும் மலைவழிப் பேருந்தின் ஒரு குலுக்கலுக்கு அது தாங்காது. பித்தளைக் கலம் உறுதியானது, ஆனால் கனமானது, உள்ளே ஈயம் பூசாவிடின் புளியோடு சேர்ந்து களிம்பு ஏறும். அலுமினியத்தின் எடை அதே பருமனுள்ள இரும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. அது வெப்பத்தை விரைந்து கடத்துவதால் கலத்தின் அடி முழுதும் ஒரே சீராகச் சூடேறும். ஆதலின் பொங்கலுக்கும் சோற்றுக்கும் அலுமினியக் கலம் தகும். ஆயின் புளிப்புப் பொருளோடு அலுமினியம் சிறிது கரையும் இயல்புடையது. எனவே புளிக்குழம்பு வைக்கும் சிறு கலம் எவர்சில்வராக இருத்தல் வேண்டும். எவர்சில்வர் வெப்பத்தை மெல்லவே கடத்துவது; சுடர் படும் இடத்தில் மட்டும் அடிப்பிடித்துக் கருகக்கூடும். ஆதலின் அதன் அடி தடிப்பாக இருத்தல் நன்று.

மலையில் கொதிக்கும் நீர்

சமவெளியில் சமைத்துப் பழகியோர் மலையில் ஒரு புதுமையைக் காண்பர். நீர் தளதளவெனக் கொதிக்கும். பருப்போ எளிதில் வேகாது. இதற்குக் காரணம் காற்றின் அழுத்தம். கடல்மட்டத்தில் நீர் 100 பாகை செல்சியசு வெப்பத்தில் கொதிக்கின்றது. மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறையும். ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலையும் தாழும். ஏற்காடு கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு நீர் 95 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அதன்பின் எத்துணை விறகை எரித்தாலும் திறந்த கலத்திலுள்ள நீரின் வெப்பம் அதற்கு மேல் ஏறாது; நீர் ஆவியாகிக் குறைவதே பயன்.

இக்குறையைத் தீர்க்க வல்லது அழுத்தக் கலமாகிய குக்கர். ஆவியை வெளியே விடாது அடைத்து விரைவில் வேகவைக்கும் கலத்தை டெனிசு பாப்பின் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1679ஆம் ஆண்டிலேயே இலண்டன் அறிஞர் கழகத்தாருக்குக் காட்டினார். இன்றைய குக்கரினுள் வெப்பம் 120 பாகை வரை ஏறும். ஆயினும் எண்மருக்குப் பொங்கல் செய்யத்தக்க குக்கர் பெரியதாக இருத்தல் வேண்டும். அதன் எடையும் மிகுதி. துவரம்பருப்பை விடுத்து, விரைவில் வேகும் பாசிப்பருப்பைக் கொண்டு, அதனையும் ஒரு மணி நேரம் ஊறவைத்து, கலத்தை நன்றாக மூடி வேகவைத்தால் குக்கரின்றியே செயல் முடியும். கருவியால் தீர்க்க எண்ணும் குறையைச் சில வேளைகளில் உணவை மாற்றியும் தீர்க்கலாம்.

ஒரு பொருள், பல தொழில்

பாசறைக்குச் செல்லும் ஒவ்வொரு பொருளும் ஒன்றுக்கு மேற்பட்ட தொழில் செய்ய வல்லதாயின் சிறப்பு. பெரிய கலத்தின் மூடி விளிம்புள்ள தட்டாக இருப்பின், அதுவே காய் நறுக்கி வைக்கும் தட்டும் ஆகும். உறையிட்ட கத்தி ஒன்று அரிவாள்மணையின் தொழிலைச் செய்யும். சூடான கலத்தை இறக்க உதவும் தடித்த துணியே வழியிற் கலங்கள் ஒன்றோடொன்று மோதி ஒலியாமல் இடையே செருகவும் உதவும். நீண்ட காம்புள்ள அகப்பை ஒன்று, இடுக்கி ஒன்று, நீர் முகக்க ஒரு வாளி, ஈரம் புகாத சிறு டப்பாவில் தீப்பெட்டி ஆகியவை இருந்தால் பொதுக் கலங்கள் முற்றும். இவையன்றி ஒவ்வொருவரும் தத்தமக்கு ஒரு தட்டும் ஒரு குவளையும் கொள்ள வேண்டும்.

கருவி சிலவே ஆயினும் அறிவு மிக்கோர் கையில் அவை பலவாகும். 1953ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் எவரெஸ்டுச் சிகரத்தை முதன்முதல் அடைந்த ஹில்லாரியும் டென்சிங்கும் அதற்கு முந்திய இரவை ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரத்தில் ஒரு சிறு கூடாரத்தில் கழித்தனர். அவர்களிடம் இருந்தது சிறிய மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று. அதிலே பனியை உருக்கிக் குடிநீர் ஆக்கிக்கொண்டனர். விடியலில் ஹில்லாரியின் காலணிகள் உறைந்து கல்லாகிக் கிடந்தன. அவற்றையும் அவ்வடுப்பின் சுடரில் காட்டி இளகச் செய்து அணிந்துகொண்டே அவர் சிகரத்தை நோக்கி ஏறினார்.

தீயைப் பேணுதல்

கலங்களைத் தேர்வதினும் அடுப்பைத் தேர்வதில் மிகுந்த கவனம் வேண்டும். எடுத்துச் செல்ல எளிதென்று எண்ணிச் சிலர் எரிவாயு உருளையை வண்டியில் ஏற்றிக்கொள்கின்றனர். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் விடியற்காலையில், மதுரைத் தொடர்வண்டி நிலையத்தின் அருகே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பற்றி எரிந்தது. வடநாட்டிலிருந்து திருத்தலங்களைக் காண வந்தவர்களுள் ஒன்பதின்மர் உயிர் இழந்தனர். விதிக்கு மாறாகப் பெட்டியினுள் கொண்டுவரப்பட்ட எரிவாயு உருளையே அத்தீக்குக் காரணம் என்று இரயில்வே துறையினர் அறிவித்தனர். சமைப்பதற்கென்று கொண்டு வந்த ஒரு பொருள், கொண்டுவரத் தகாத இடத்திற்கு வந்தமையால் விளைந்த கேடு இது. அக்கேட்டில் மாண்டவருள் அப்பொருளைக் கொண்டு வந்தவர் எவர், ஏதும் அறியாதவர் எவர் என்று தீ பிரித்துப் பார்க்கவில்லை.

ஆதலின் அணியினர் எரிபொருளைச் சுமந்து செல்லாமல், தங்கும் இடத்திலேயே விறகு பெற்று, கல் மூன்றைக் கூட்டி அடுப்பு அமைத்தல் நலம். தங்குமிடத்தார் ஒப்புதல் தந்த வெளியில் மட்டுமே தீ மூட்டுதல் வேண்டும். காப்புக் காடுகளில் தீ மூட்டுதல் சட்டப்படி குற்றம். அடுப்பைச் சூழ உள்ள சருகையும் உலர்ந்த புல்லையும் அகற்றிவிட வேண்டும். ஓடையில் நனைந்து கிடந்த கற்களை அடுப்பிற்குக் கொள்ளலாகாது; உள்ளே ஊறியிருக்கும் நீர் சூடேறி ஆவியாகுங்கால் கல் வெடித்துச் சிதறக்கூடும். அடுப்பின் வாய் காற்று வரும் திசையை நோக்கியிருத்தல் வேண்டும். மழை வந்தாலும் கூடாரத்தினுள் அடுப்பு மூட்டலாகாது. துணியில் தீப்பற்றும் என்பது ஒன்று. அடைத்த இடத்தில் எரியும் தீயிலிருந்து எழும் நச்சு வாயு, உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லும் என்பது மற்றொன்று.

விறகடுப்பில் ஏற்றும் கலத்தின் புறத்தே, ஏற்றுவதற்கு முன் ஈர மண்ணையோ சாம்பலையோ குழைத்துப் பூசுதல் நம் தாய்மார் கண்ட முறை. கரி பூச்சின்மேலேயே படியும். பின்னர் நீர் விட்டுத் தேய்த்த அளவில் பூச்சோடு நீங்கிவிடும். கலம் துலக்கத் தேங்காய் நாரும் அடுப்புச் சாம்பலும் போதும். ஓடை நீரில் கலத்தை நேரே கழுவாமல், வாளியில் நீர் முகந்து வந்து தொலைவில் கழுவுதல் வேண்டும். கீழே அந்நீரைக் குடிப்போர் இருப்பர்.

பகிர்ந்து சுமத்தல்

மேற்சொன்ன பொதுக் கலங்கள் யாவும் சேர்ந்தாலும் எண்மரும் பகிர்ந்துகொண்டால் ஒருவர்க்கு ஒரு கிலோவுக்கு மேற்படாது. ஒருவன் பெரிய கலத்தையும், மற்றொருவன் அகப்பையை மட்டும் சுமந்தால் அது பகிர்வு ஆகாது. பெரிய கலத்தைச் சுமப்பவனுக்கு அரிசி மூட்டையைத் தவிர்த்துவிட வேண்டும். மேலும், எப்பொருள் எவனிடம் உள்ளது என்பதை அணித்தலைவன் ஏட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். தீப்பெட்டியை ஒருவன் மறந்தால் எண்மரும் பசித்திருக்க நேரும்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல் உணவு முடிந்ததும், அடுப்பில் நீரை ஊற்றிக் கிளறி, மீண்டும் ஊற்றி, சாம்பல் முற்றும் குளிர்ந்ததைக் கைபட அறிந்த பின்னரே இடம் விட்டு நீங்க வேண்டும். வீடு சேர்ந்தபின் மூட்டையை அவிழ்த்து, எப்பொருள் பலமுறை பயன்பட்டது, எப்பொருள் ஒருமுறையேனும் வெளியே எடுக்கப்படவில்லை என்று அணியினர் கூடி ஆராய்தல் நன்று. பயன்படாத பொருளை அடுத்த முறை வீட்டிலேயே விடலாம். ஆயின் மருந்துப் பெட்டி பயன்படவில்லை என்று அதனை விட்டுச் செல்லலாகாது. அது பயன்படாமல் திரும்பி வருவதே நன்மை.

வாழ்க்கையில் வேண்டுவன இவை, வேண்டாதன இவை என்று பிரித்தறியும் அறிவு எளிதில் வருவதன்று. அதனை இளமையிலேயே பழகுதற்கு, இரண்டு நாட் பாசறையும் இரண்டு கலங்களும் நல்லாசிரியர் ஆகும். தன் தோளில் சுமக்க வேண்டியதைத் தானே தேர்ந்த மாணவன், எதை எடுப்பது என்பதோடு எதை விடுவது என்பதையும் கற்றுக்கொள்கின்றான்.