சருகுத் தீ

ஆனேக்கல் பக்கம் ராகி முற்றும் காலம் வந்தால், யானைப் பயமும் கூடவே வரும். பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் இறங்கும். ஒரே இரவில் வயலை முடித்துவிடும்.

காட்டில் புல் இல்லையா? பல இடங்களில் புல் இருந்த இடத்தை இன்று உண்ணிச்செடி பிடித்துக்கொண்டது. மஞ்சளும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்குமே, அந்த முள் புதர்தான். மாடுகூட அதைத் தொடாது. யானை ஊருக்குள் வருவதற்குப் பல காரணங்கள் உண்டு. இதுவும் ஒன்று என்கிறார்கள்.

உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்துச் செடி. சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் வெள்ளைக்காரர்கள் அழகுக்காக இங்கே கொண்டு வந்தார்கள். அது காடு முழுக்கப் பரவியது ஏன்? சோலிகர்கள் இதற்கு ஒரு விடை சொல்கிறார்கள்.

சோலிகர்கள் பழங்குடி மக்கள். சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ள பிலிகிரி ரங்கன் மலையில் வாழ்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் காட்டுக்குத் தாங்களே தீ வைத்தார்கள். அதன் பெயர் 'தரகு பெங்கி'. சருகுத் தீ என்று பொருள். கன்னடம் பேசிப் பழகிய ஆனேக்கல்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

காட்டுக்குத் தீ வைப்பதா என்று திடுக்கிட வேண்டாம். அவர்கள் தீ வைத்தது ஜனவரி, பிப்ரவரி மாதங்களில். அப்போது புல் முழுதாகக் காய்ந்திருக்காது. மண்ணில் கொஞ்சம் ஈரம் இருக்கும். தீ உயரமாக எழாது. தரையில் கிடக்கும் சருகைத் தின்றுகொண்டே போய் அணைந்துவிடும். பெரிய மரங்களுக்குத் தடித்த பட்டை உண்டு. கருமருது மரத்தைப் பாருங்கள், அதன் பட்டை முதலைத் தோல் போல வெடித்திருக்கும். சின்னத் தீ அதை ஒன்றும் செய்யாது. ஆனால் உண்ணிச்செடியின் சிறு கன்றுகள் கருகிவிடும். மழை வந்ததும் புதுப் புல் துளிர்க்கும். நெல்லி மரத்தில் ஒட்டி அதன் சாற்றை உறிஞ்சும் புல்லுருவியும் தீயால் அடங்கியது என்கிறார்கள் சோலிகர்கள்.

1974-இல் அந்த மலை வனவிலங்குச் சரணாலயம் ஆனது. தீ வைப்பது நின்றது. ஆராய்ச்சியாளர்கள் அங்கே பல இடங்களைக் குறித்துவைத்துப் பார்த்தார்கள். 1997-இல் 100 இடத்துக்கு 41 இடத்தில் உண்ணிச்செடி இருந்தது. 2008-இல் அது 81 ஆகிவிட்டது.

தீயை நம்பி வாழும் காடு நம் பக்கம் மட்டும் இல்லை. அமெரிக்காவின் தென்கிழக்குக் கடலோரச் சமவெளியில் நீண்ட ஊசி இலை கொண்ட ஒரு பைன் மரம் வளர்கிறது. அதன் கன்று சில ஆண்டுகள் புல் குத்துப் போலவே இருக்கும். இலைகளுக்கு நடுவே குருத்து ஒளிந்திருக்கும். தீ வந்தால் இலை கருகும், குருத்து பிழைக்கும். தீயே வராவிட்டால் வேறு மரங்கள் அதை மூடிவிடும். அங்கே முன்பு சுமார் 9 கோடி ஏக்கரில் இந்த மரம் இருந்தது. வெட்டியதாலும் தீயை நிறுத்தியதாலும் இப்போது மிகச் சிறு பங்குதான் மிச்சம். இன்று அங்குள்ள வனத்துறையே சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அளவாகத் தீ வைக்கிறது.

அப்படியானால் நாமும் பன்னேர்கட்டாவில் ஒரு தீக்குச்சியைக் கிழிக்கலாமா? கூடவே கூடாது. அது சட்டப்படி குற்றம். ஆபத்தும்கூட. இன்று புதர் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. மார்ச், ஏப்ரலில் அது பற்றினால் தீ மரக்கிளை வரை ஏறும். 2019 பிப்ரவரியில் பந்திப்பூர் காட்டில் பெருந்தீ பரவியதைப் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். இன்னொன்று, வளர்ந்த உண்ணிச்செடி எரிந்தாலும் வேரிலிருந்து மறுபடி முளைக்கும். முதலில் அதை வேரோடு எடுக்க வேண்டும். சருகுத் தீக்கு இடம் அதற்குப் பிறகுதான்.

2011-இல் பிலிகிரி ரங்கன் மலை புலிகள் காப்பகம் ஆனது. அதே ஆண்டில் வன உரிமைச் சட்டப்படி சோலிகர் கிராமங்கள் பலவற்றுக்குக் காட்டின் மேல் உரிமை கிடைத்தது. தேனும் நெல்லியும் எடுக்கலாம். காட்டைக் காக்கும் பொறுப்பிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் எப்போது, எந்தச் சரிவில், எந்தக் காற்றில் தீ வைப்பது என்று அறிந்தவர்கள் அங்கே முதியவர்கள்தான்.