உடனிருப்போர் கடன்

திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்திற்கு உறுப்பு நான்கெனக் கொண்டு, நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு உடனிருந்து பேணுவோனையும் சேர்த்தெண்ணினார். மார்பகக் கதிர்ப்படத்தில் ஐயந் தோன்றி மறுசோதனைக்கு அழைக்கப்பெற்ற தாய்க்கோ தமக்கைக்கோ துணை நிற்போர் அந்நான்காம் உறுப்பேயாவர். அவர்தம் கடன் யாதென ஈண்டு ஆராய்வாம்.

முதற்கடன் உண்மையறிதல். மறு அழைப்பு வேறு, புற்றுநோய் வேறு. நோய்க்குறி யாதுமின்றிப் படமெடுத்து மீண்டும் அழைக்கப்பெறுவோருள் புற்றுநோயுடையார் 10-இல் ஒருவரினுங் குறைவென்பது அமெரிக்கப் புற்றுநோய்க் கழகத்தின் கூற்று. நீர்க்கட்டியும் தசைச்செறிவுங்கூட ஐயம் விளைக்கும்.

இரண்டாவது உடன்சேறல். மறுபடம், அல்ட்ராசவுண்டு, வேண்டின் ஊசியாற் சிறிது தசையெடுத்து ஆராய்தல் எனச் சோதனைகள் தொடரும். ஒப்புநோக்குதற்குப் பழைய படங்களைக் கொண்டு செல்க. அஞ்சிய செவி பாதியே கேட்குமாதலின், மருத்துவர் மொழிவனவற்றை ஏட்டிற் குறித்திடுக. ‘6 திங்கள் கழித்து வருக’ எனின் அந்நாளை மறவாது காத்தல் நம் பொறுப்பு.

மூன்றாவது மறைக்காமை. முடிவை ஆண்மக்கட்கு உரைத்து அன்னைக்கு ஒளித்தல் நம் இல்லங்கள் பலவற்றிற் காணும் வழக்கம். அன்பே அதற்குக் காரணமெனினும் அது தகாது. உடல் அவருடையது, அறிதற்குரியாரும் அவரே. ‘ஒன்றுமிராது’ என உறுதி கூறலும் நம்மாலாகாது. அவ்வுரை கேட்டபின் அவர் தம் அச்சத்தை வெளியிடவும் கூசுவர். ‘எது வரினும் உடனிருப்போம்’ என்பதே நாம் மெய்யாக உரைக்கத்தக்கது. உரைத்தபின் அவ்வாறே இருத்தலும் வேண்டும்.