காரணம் கற்பிக்கும் மனம்

நெய்யாறு கடலில் கலக்கும் பூவாறுக்குத் தெற்கே, கேரளத்தின் தென்கோடிக் கடற்கரையில் அமைந்த மீனவர் ஊர் பொழியூர். அதைக் கடந்து சிறிது தூரம் சென்றால் தமிழகத்தின் நீரோடி வந்துவிடும். எல்லைக் கோட்டின் இரு பக்கமும் ஒரே கடல், ஒரே காற்று, ஒரே தொழில்.

மீனவர் ஊர்களைப் பற்றி உள்நாட்டில் நெடுங்காலமாகச் சில தீர்ப்புகள் வழங்கி வருகின்றன. அவர்கள் உரக்கப் பேசுபவர்கள், முரட்டுச் சுபாவம் உடையவர்கள், கையில் வந்த பணத்தை அன்றே செலவழிப்பவர்கள், சில நாட்கள் தொழிலுக்கே போகாமல் கரையில் உட்கார்ந்திருப்பவர்கள் என்பன அவை. இத்தீர்ப்புகளைக் கூறுவோர் பொய் சொல்லவில்லை. தாங்கள் கண்டதையே கூறுகிறார்கள். ஆனால் கண்ட செயலுக்கு அவர்கள் கற்பிக்கும் காரணம் ஆராயத்தக்கது.

அலையின் இரைச்சலுக்கும் இயந்திரத்தின் ஓசைக்கும் நடுவே ஒரு வள்ளத்திலிருந்து மற்றொரு வள்ளத்திற்குச் செய்தி சொல்பவன் மெல்லப் பேச இயலுமா? பல்லாண்டுப் பழக்கத்தில் அக்குரல் கரையிலும் தொடர்கிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கரையை மோதும் அலையைக் கடந்து சிறு வள்ளத்தை இறக்குவதே உயிருக்கு ஆபத்து. அந்நாட்களில் கரையில் அமர்ந்திருப்பது சோம்பல் அல்ல, கடலறிவு. மாதச் சம்பளக்காரருக்கு அடுத்த மாத வருமானம் இன்றே தெரியும். கடலை நம்பியவனுக்கு நாளைய பாடு தெரியாது. ஒரு நாள் நிறைய வரும், பத்து நாள் டீசல் செலவுக்கும் தேறாது. வந்த அன்றே பழைய கடனை அடைத்து, வீட்டுக்கு வேண்டியதை வாங்கிவிடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. சூழ்நிலை கற்பித்த ஒன்றைச் சுபாவம் என்று பெயரிடுவதுதான் இங்கே நிகழும் பிழை.

இப்பிழையை நவீன உளவியல் விரிவாக ஆராய்ந்துள்ளது. ஒரு செயலைக் காணும் மனிதன், அதன் காரணத்தைச் செய்பவனுடைய குணத்தில் தேடுகிறானா, அவன் நின்ற சூழ்நிலையில் தேடுகிறானா என்ற கேள்வியை ஃபிரிட்ஸ் ஹைடர் 1958ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலில் எழுப்பினார். பிறர் செயலை விளக்கும்போது குணத்தை மிகைப்படுத்திச் சூழ்நிலையைக் குறைத்து மதிப்பிடும் போக்கை, 1977இல் லீ ராஸ் என்னும் அறிஞர் 'அடிப்படைப் பிழை' என்றே குறித்தார். தன் செயல் என்று வரும்போது இதே மனம் எதிர்த்திசையில் திரும்பும். பிறர் தாமதமாக வந்தால் அவர் பொறுப்பற்றவர். தான் தாமதமாக வந்தால் பேருந்து கிடைக்கவில்லை.

தனி மனிதரோடு இது நிற்பதில்லை. 1974இல் டெய்லர், ஜாக்கி என்ற இரு ஆய்வாளர்கள் தென்னிந்தியாவில் இந்து அலுவலக எழுத்தர்கள் 30 பேரிடம் சில நிகழ்ச்சிகளைக் கூறி விளக்கம் கேட்டனர். கடைக்காரர் தாராளமாக நடந்துகொள்கிறார் அல்லது ஏமாற்றுகிறார்; வீட்டுக்காரர் மழைக்கு ஒதுங்க இடம் தருகிறார் அல்லது மறுக்கிறார் என்பவை போன்ற எளிய நிகழ்ச்சிகளே அவை. தம் சமயத்தவர் நன்மை செய்தால் அது அவருடைய குணம். தீமை செய்தால் சூழ்நிலை. பிற சமயத்தவர் விஷயத்தில் இந்தக் கணக்கு அவ்வளவு தாராளமாக இல்லை. கேட்கப்பட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர், சாதாரண மனிதர்கள். அதனாலேயே இம்முடிவு நம்மைச் சற்று நிறுத்திவைக்க வேண்டும்.

எனினும் நம் நாட்டிற்கு ஆறுதலான செய்தியும் ஒன்றுண்டு. ஜோன் மில்லர் 1984இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்காவின் சிகாகோ மக்களையும் நமது மைசூர் மக்களையும் ஒப்பிட்டார். எட்டு வயதுக் குழந்தைகளிடையே பெரிய வேறுபாடு இல்லை. வயது ஏற ஏற, அமெரிக்கர்கள் குணத்தையே மேலும் மேலும் காரணமாகக் கூறினர். மைசூர்க்காரர்கள் சூழ்நிலையையும் கடமையையும் உறவையும் கருத்தில் கொண்டனர். காரணம் கற்பிக்கும் முறை பிறவியிலேயே முடிந்துபோவதன்று, வளரும்போது கற்றுக்கொள்ளப்படுவது என்பதே இதன் பொருள். கற்றதை மாற்றிக் கற்கவும் இயலும்.

பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்களைக் கூறுகிறது: இருப்பிடமாகிய உடல், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். இவ்வளவும் இருக்க, ஆன்மாவை மட்டும் செய்பவனாகக் காண்பவன் பக்குவப்படாத அறிவினன் என்று பகவான் தொடர்கிறார். ஆசாரியர்கள் இப்பகுதியை ஆன்மா கர்த்தா அல்ல என்பதை நிறுவவே விளக்குவர், அதுவே முதற்பொருள். ஆயினும் அன்றாட வாழ்வில் பிறரை எடைபோடும்போது இந்த ஐந்தையும் எண்ணிப் பார்ப்பது சாதகனுக்கு நல்ல பயிற்சி. தவறு செய்தவனுடைய பொறுப்பு இதனால் நீங்கிவிடாது. செய்பவனும் அந்த ஐந்தில் ஒருவனே அல்லவா?

சரி, ஒரு முறை உறைந்துவிட்ட மனோபாவம் எப்படி மாறும்? அறிவுரையால் மாறுவது குறைவு. பிற குலத்தைப் பற்றிய கருத்தை யாரும் ஆராய்ந்து அடைவதில்லை. திண்ணையிலும் சமையலறையிலும் பெரியோர் பேசக் கேட்டே குழந்தை அதைப் பெறுகிறது. வாதத்தால் வராதது வாதத்தால் எளிதில் போவதில்லை.

2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, கடற்கரை ஊர்களின் மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர், ஆறன்முளை முதலிய உள்நாட்டுப் பகுதிகளுக்குச் சென்றனர். மூழ்கிய மதில்களிலும் மின்கம்பங்களிலும் மோதிப் பல வள்ளங்கள் சேதமுற்றன. 669 படகுகளில் சென்றவர்கள் சுமார் 65,000 பேரை மீட்டதாக அரசு தெரிவித்தது. அறிவிக்கப்பட்ட ஊக்கத்தொகை வேண்டாம் என்று மறுத்தவர்களும் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் தங்கள் உறவினரை இழந்த துயரம் அக்கடற்கரையில் ஆறாத நேரம் அது. மாடியில் நின்று உதவிக்குக் குரல் கொடுத்தவருக்கு, அந்த உரத்த குரலே அன்று காதுக்கு இனிமையாக இருந்தது!

ஆனால் இங்கும் ஒரு கண்ணி உண்டு. வேண்டாதவர் என்று ஒதுக்கப்பட்டவர் நன்மை செய்யும்போது, "இவர் விதிவிலக்கு" என்றோ, "அந்த நேரத்து வேகம்" என்றோ கூறிப் பழைய கருத்தைக் காப்பாற்றிக்கொள்வது மனத்தின் தந்திரம். தாமஸ் பெட்டிகுரூ 1979இல் இதை எடுத்துக்காட்டினார். மீனவனைக் கேரளத்தின் படைவீரன் என்று புகழ்ந்துவிட்டு, கடலரிப்பில் அவன் வீடு போகும்போது, "கடலோரத்தில் ஏன் வீடு கட்டினான்?" என்று கேட்கும் மனம், 2018க்கு முன்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பொழியூரிலிருந்து நெய்யாற்றின் வழியே மேலே சென்றால், நெய்யாற்றின்கரைக்கு அப்பால் அருவிப்புறம். 1888ஆம் ஆண்டு சிவராத்திரியன்று ஸ்ரீ நாராயண குரு ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்து அங்கே சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். ஈழவர் குலத்தில் பிறந்தவருக்குப் பிரதிஷ்டை செய்யும் உரிமையை அன்றைய சமுதாயம் வழங்கவில்லை. அவர் விண்ணப்பம் எழுதவில்லை, கருத்தரங்கும் கூட்டவில்லை. உரிமை பற்றிக் கேட்டவர்களுக்கு, தாம் பிரதிஷ்டை செய்தது ஈழவச் சிவனை என்று அவர் விடையளித்ததாக மரபு கூறுகிறது. வாதத்திற்கு வந்தவர் வாயடைத்துப் போனார். வழிபட வந்தவர் வழிபட்டார்.

செயல் முதலில் வந்தால் கருத்து அதைப் பின்தொடரும் என்பதை லியோன் ஃபெஸ்டிங்கர் 1957இல் கொள்கையாக வகுத்தார். செய்கையும் எண்ணமும் முரண்படும்போது மனம் அமைதியிழக்கிறது. செய்ததை மாற்ற இயலாதபோது எண்ணத்தை மாற்றிக்கொள்கிறது. அச்செயல் பெரிய கூலிக்காகவோ வற்புறுத்தலாலோ அன்றி விருப்பத்தோடு நிகழ்ந்திருக்க வேண்டும். அருவிப்புறத்தில் ஒரு முறை மனமார வணங்கியவர், "இது கோயில் அல்ல" என்று பிறகு எப்படி நினைப்பார்?

சுவாமி விவேகானந்தர் 1892 டிசம்பரில் இப்பகுதி வழியாகவே கன்னியாகுமரியை அடைந்தார். பின்னர் 1897இல் சென்னையில் பேசியபோது, ஒரு தெருவில் நடக்கக்கூடாதென்று தடுக்கப்பட்ட ஏழை, வேறு மதப் பெயர் சூடியதும் அதே தெருவில் தடையின்றி நடக்கும் விந்தையைச் சுட்டிக்காட்டிச் சாடினார். அதே மனிதன், அதே கால்கள். தடை அவனுடைய குணத்தில் இருந்ததென்றால் பெயர் மாறியதும் அது எங்கே போயிற்று? திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேச விளம்பரம் 1936 நவம்பர் 12 அன்று வெளிவந்தது. அருவிப்புறத்திலிருந்து அதற்கு 48 ஆண்டுகள்.

படிப்பு வட்டங்களில் இப்பாடத்தை எடுத்துக்கொள்வோர் ஒரு வாரம் இதைச் செய்து பார்க்கலாம். எரிச்சலூட்டிய ஒருவரின் செயலை இரவில் ஒரு வரியில் எழுதுக. மனத்தில் முதலில் எழுந்த காரணத்தை அதன் கீழே எழுதுக. பிறகு கீதை கூறும் ஐந்தையும் வரிசையாக வைத்து, அவர் நின்ற இடம், அவர் கையிலிருந்த வசதி, அவர் எடுத்த முயற்சி ஆகியவை எவை என்று தெரிந்த அளவு நிரப்புக. பெரும்பாலும் இடங்கள் காலியாகவே நிற்கும். மறுநாள் அவரிடமே சென்று கேட்டு, அந்த இடங்களை நிரப்பலாம்.