இருதயம் நின்றவரைக் காக்கும் முறை: அங்கத்தினர்க்கு ஒரு பாடம்

கூட்டுறவாளர் என்போர் கடனிலும் கொள்முதலிலும் விற்பனையிலும் மட்டும் ஒருவருக்கொருவர் துணை நிற்பவர் அல்லர். உடனிருக்கும் அங்கத்தினரின் உயிருக்கு இடர் நேருங்கால், செய்யத்தக்க உதவியை அறிந்திருப்பதும் அவர்தம் கடமையே ஆகும். அத்தகைய உதவிகளுள், நம்மில் மிகச் சிலரே அறிந்த ஒன்றைப் பற்றியது இம்மாதப் பாடம்.

வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை மாவட்டத்தினர் ஒருவகையில் பேறு பெற்றவர்கள். 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருந்தகம், இன்று நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் நாடி வரும் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக வளர்ந்துள்ளது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளது. "பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க, நமக்கு என்ன குறை?" என்று நாம் எண்ணுவது இயல்பே. ஆயினும் ஓர் இடருக்கு மட்டும் இந்த அண்மை போதாது. அது திடீரென இருதயம் நின்றுவிடுதல்.

மாரடைப்பு வேறு, இருதய நிறுத்தம் வேறு

இவ்விரண்டும் ஒன்றே எனப் பலர் கருதுகின்றனர். இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் அடைபடுவது மாரடைப்பு. அதற்கு ஆளானவர் பெரும்பாலும் நினைவோடு இருப்பார். மார்பில் பாரம், தோளிலும் கையிலும் வலி, மிகுந்த வியர்வை என்று சொல்லுவார். அவரை நடக்க விடாது அமர்த்தி, 108ஐ அழைத்து, விரைவில் மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். அத்தகையோர்க்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மருந்து கிடைக்க வேண்டும் என்னும் நோக்குடன் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு 2023ஆம் ஆண்டில் தொடங்கியது.

இருதய நிறுத்தமோ நொடியில் நேர்வது. இருதயத்தை இயக்கும் மின்னோட்டம் நிலைகுலைய, அது துடிப்பதை விடுத்து வெறுமனே நடுங்கும், அல்லது அடியோடு ஓய்ந்துவிடும். இரத்த ஓட்டம் நிற்கும். மனிதர் நினைவிழந்து வீழ்வார். மாரடைப்பினால் மட்டுமன்றி, மின்சாரம் தாக்குவதாலும், நீரில் மூழ்குவதாலும், நச்சு வாயுவாலும் இது நேரலாம்.

காலத்தின் கணக்கு

இரத்தம் பெறாத மூளை நான்கைந்து நிமிடங்களில் பழுதடையத் தொடங்கும். அருகிலிருப்போர் ஏதும் செய்யாவிடில், கழியும் ஒவ்வொரு நிமிடத்திற்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைகிறது. ஆம்பூரிலிருந்து வேலூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கணக்கை அங்கத்தினரே போட்டுப் பார்க்கலாம்.

நூல் பெறுவதற்காகச் சங்க வாயிலில் நின்ற நெசவாளர் ஒருவர் வீழ்ந்துவிட்டார் எனக் கொள்வோம். ஒருவர் முகத்தில் நீர் தெளிக்கிறார். ஒருவர் சோடா வாங்க ஓடுகிறார். மற்றவர் ஆட்டோவுக்கு அலைகிறார். எல்லோரும் நல்லெண்ணத்துடனேயே செயற்படுகின்றனர். எனினும் வேண்டிய ஒன்றை எவரும் செய்யவில்லை. நினைவிழந்தவர் வாயில் ஊற்றும் நீர் மூச்சுக்குழாயை அடைத்துத் தீங்கும் விளைவிக்கும்.

இரு கைகளே கருவி

வேண்டியது மார்பை அழுத்துதல். மின்கம்பித் தொழிலாளர் மின்சாரம் தாக்கி மாள்வதைத் தடுக்க வழி தேடிய கூவன்ஹோவன் என்னும் மின்பொறியியல் அறிஞரும், அவருடன் ஆராய்ந்த ஜூட், நிக்கர்பாக்கர் ஆகியோரும் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரிலிருந்து 1960ஆம் ஆண்டில் இம்முறையை உலகிற்கு அறிவித்தனர். மார்பைப் பிளக்காமல், வெளியிலிருந்து கையால் அழுத்தியே இரத்தத்தை ஓடச் செய்யலாம் என்பது அவர்கள் கண்டது. மூச்சு ஊதாமல் மார்பை மட்டும் அழுத்தும் எளிய முறையை நம் நாட்டுப் பொதுமக்களுக்கென இந்திய உயிர்மீட்புக் குழுமம் 2017இல் வகுத்தளித்தது. செய்முறை வருமாறு:

1. தோளைத் தட்டி உரக்க அழையுங்கள். விடையில்லையெனில், பத்து நொடிக்குள் மூச்சைப் பாருங்கள். இடைவிட்டு ஏங்குவது போன்ற மூச்சு உண்மையான மூச்சன்று. பலர் இதில் ஏமாறுகின்றனர்.

2. ஒருவரைக் கொண்டு 108ஐ அழையுங்கள். இடத்தின் அடையாளத்தைத் தெளிவாகச் சொல்லச் செய்யுங்கள்.

3. கட்டிலில் அன்றி, கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்துங்கள்.

4. மார்பின் நடுவெலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின் அடிப்புறத்தை ஊன்றி, மறுகையை அதன்மேல் வையுங்கள். முழங்கை மடங்காது, 5 முதல் 6 செண்டிமீட்டர் ஆழம் அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் மார்பு முழுதும் எழும்ப விடுங்கள்.

5. நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, தறி மிதிப்பது போல் ஒரே சீராக அழுத்துங்கள்.

6. இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். ஊர் கூடித் தேர் இழுப்பது போன்ற வேலை இது. ஆம்புலன்ஸ் ஊழியர் பொறுப்பேற்கும் வரை, அல்லது அவர் அசைந்து மூச்சு விடும் வரை நிறுத்தலாகாது.

விலா எலும்பு முறியுமோ என்று அஞ்ச வேண்டா. முறிந்த எலும்பு கூடும். போன உயிர் மீளாது. குழந்தைகளுக்கும் நீரில் மூழ்கியவர்க்கும் மூச்சு ஊதுதலும் தேவையாதலின், அதனைப் பயிற்சியில் கற்றுக்கொள்க.

நம் பகுதிக்குரிய எச்சரிக்கை

பம்புசெட்டிலோ விசைத்தறியிலோ மின்சாரம் தாக்கியவரை, மெயின் சுவிட்சை நிறுத்துமுன் தொடாதீர்கள். தோல் தொழிற்சாலைக் கழிவுநீர்த் தொட்டியில் மயங்கியவரைக் காக்க எண்ணித் தாமும் இறங்காதீர்கள். அங்குள்ள நச்சு வாயு, காக்கச் சென்றவரையும் மாய்க்கும். தீயணைப்புப் படையை அழைத்து, அவர் வெளியே கொணரப்பட்ட பின்னரே மார்பை அழுத்துங்கள்.

ஒரு நாட்டின் அனுபவம்

டென்மார்க்கில் 2001ஆம் ஆண்டில், மருத்துவமனைக்கு வெளியே இருதயம் நின்றவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர்க்கே அருகிலிருந்தோரின் உதவி கிட்டியது. 2005இல் பள்ளிகளிலும், 2006இல் ஓட்டுநர் உரிமம் பெறுவோர்க்கும் இப்பயிற்சி கட்டாயமாயிற்று. 2010இல் நூற்றுக்கு 45 பேர்க்கு அவ்வுதவி கிட்டியது. முப்பது நாட்கள் கடந்து உயிருடன் இருந்தோர் நூற்றுக்கு 3.5இலிருந்து 10.8 ஆக உயர்ந்தனர். மருத்துவமனைச் சிகிச்சையின் மேம்பாடும் இதில் பங்குகொண்டது உண்மையே. எனினும் அச்சிகிச்சைக்கு உயிரோடு கொண்டு சேர்ப்பது பக்கத்தில் நிற்பவரின் கையே.

சங்கம் செய்யத்தக்கது

ஒருவர் மட்டும் கற்றால் பயனில்லை. அவரே வீழ்ந்தால் யார் காப்பது? ஆகவே ஆண்டுக்கொருமுறை மருத்துவ நிலையத்தாரை அழைத்துப் பயிற்சி நடத்த நிர்வாகக் குழு தீர்மானம் இயற்றலாம். துணை விதிகள் இடமளிப்பின் பொது நல நிதியைப் பயன்படுத்தலாம். இருதய நிறுத்தம் பெரும்பாலும் வீட்டிலேயே நேர்வதால், அங்கத்தினரின் மனைவி மக்களும் பயிற்சியில் சேர வேண்டும். நிலைகுலைந்த துடிப்பை மின் அதிர்வால் சீர்செய்யும் ஏ.இ.டி. என்னும் தானியங்கிக் கருவியை, அண்டைச் சங்கங்கள் கூடி வாங்கிப் பொதுவில் வைக்கலாம். தேவையில்லாதவர்க்கு அக்கருவி அதிர்வு தராது.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. நம் சங்கத்தில் மார்பழுத்தும் முறை அறிந்தோர் எத்தனை பேர்?

2. ஆம்புலன்சை அழைப்பவர், நம் சங்கம் இருக்குமிடத்தை எந்த அடையாளத்தால் கூறுவார்?

3. மெயின் சுவிட்ச் எங்குள்ளது என்பது இரவுக் காவலர்க்குத் தெரியுமா?

4. அடுத்த பேரவைக் கூட்டத்திற்கு முன் முதற் பயிற்சியை நடத்த இயலுமா?