நம் ஊர் மழையை நாமே கூட்டிப் பார்க்கலாம்



திருக்கழுக்குன்றத்தில் உரமும் விதையும் மொத்த வியாபாரம் செய்யும் நமக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் வருடத்தின் பெரிய முடிவு. ஏரி நிரம்பினால் நவரைப் பட்டத்துக்கு நடவு இருக்கும், சரக்கு ஓடும். நிரம்பாவிட்டால் யூரியா குடோனிலேயே கட்டி தட்டிவிடும். ஆனால் சரக்குக்குப் பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும்.

பல வருடங்களுக்கு முன், மாவட்டத்தில் வழக்கத்தை விட அதிக மழை என்று செய்தி படித்து, லாரி லாரியாக இறக்கினோம். பெய்ததெல்லாம் வடக்கே; நம் பக்கத்து ஏரிகளில் பாதித் தண்ணீர்தான். அந்த வருட லாபம் வட்டிக்கே சரியாயிற்று. செய்தி பொய்யல்ல. மாவட்டச் சராசரியை நம் ஏரியின் கணக்காக எடுத்துக்கொண்டது நம் தவறு.

மாவட்டம் என்பதும் ஒரே அளவாக நிற்கவில்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997-ல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாயிற்று. 2019-ல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. படியின் அளவே மாறிக்கொண்டிருந்தால் முப்பது வருடக் கணக்கை எதோடு ஒப்பிடுவது?

இதற்கு வழி இந்திய வானிலை ஆய்வுத் துறையிடம் இருக்கிறது. 1901 முதல் நாள்வாரியாகப் பெய்த மழையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, புனே அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் இலவசமாகத் தருகிறார்கள். இந்தியா முழுவதும் 129 வரிசை, 135 பத்தி உள்ள ஒரு பேரேட்டுத் தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டம் கால் பாகை. அதாவது ஏறத்தாழ 27 கிலோமீட்டருக்கு 27 கிலோமீட்டர். நாளுக்கு ஒரு தாள், வருடத்துக்கு 365 தாள். ஒரு வருடக் கோப்பிலேயே அறுபத்து மூன்று லட்சத்துக்கு மேல் எண்கள். மாவட்ட எல்லையை எத்தனை முறை மாற்றி வரைந்தாலும் கட்டம் நகராது.

இத்தனை எண்களைக் கையால் கூட்ட முடியாது. பைத்தான் என்னும் கணினி மொழி செய்கிறது. அதற்கும் காசு இல்லை. "தாத்தா, நீங்க கல்லாக் கணக்குல செய்யறதைத்தான் இதுவும் செய்யுது" என்று சொல்லி, கல்லூரியில் படிக்கும் நம் பேத்திதான் உட்கார வைத்துக் கற்றுக் கொடுத்தாள். பள்ளிப் படிப்போடு நின்ற நமக்கு ஒரு வாரம் பிடித்தது. எக்ஸ்அரே என்ற துணைத் தொகுப்பைச் சேர்த்துக்கொண்டால் வேலை நாலைந்து வரியில் முடிகிறது: கோப்பைத் திற, இடத்தைச் சொல், தேதியைச் சொல், கூட்டு அல்லது சராசரி எடு. நம் ஊர் வடக்கு 12.61, கிழக்கு 80.06 பாகை. மிக அருகில் உள்ள புள்ளியைக் கொடு என்றால், 12.5-ம் 80-ம் சந்திக்கும் கட்டத்தை எடுத்துத் தருகிறது. செங்கல்பட்டு நகரம் அதற்கு மேல் கட்டத்தில் விழுகிறது. பக்கத்து ஊர்தான், ஆனால் கணக்கு வேறு.

ஒரு பகுதி முழுவதற்கும் வேண்டுமானால், எல்லைக்குள் வரும் கட்டங்களை எடுக்க வேண்டும். ஒரு கட்டத்தில் கால் பங்குதான் உள்ளே என்றால் அதைக் கால் மூட்டையாகத்தான் எடை போட வேண்டும், முழு மூட்டையாக அல்ல. செங்கல்பட்டு மாவட்டமே மொத்தத்தில் நான்கு கட்டத்தின் அளவுதான். ஆகவே இந்த எடை பெரிய வித்தியாசம் செய்யும்.

இனி நாம் இடறிய இடங்களைச் சொல்கிறோம், நம்மைப் போன்ற கடலோரத்தாருக்கு இது முக்கியம். முதல் முறை போட்டபோது சராசரி மழை மைனஸில் வந்தது! வானம் நம்மிடம் கடன் வாங்கியதா என்று சிரித்தோம். விஷயம் இதுதான்: தரவு இல்லாத கட்டத்தில், கடலில் விழுவதையும் சேர்த்து, மைனஸ் 999 என்று குறித்திருப்பார்கள். 40, 36, 44 மில்லிமீட்டரோடு ஒரு மைனஸ் 999 சேர்ந்தால் சராசரி மைனஸ் 219.75. அதை நீக்கினால் சரியாக 40. எனவே முதல் வேலையாக அந்த எண்ணை வெற்றிடமாக மாற்றச் சொல்ல வேண்டும். மாற்றிய பிறகும் ஒரு குழி உண்டு. வெற்றிடங்களை மட்டும் கூட்டச் சொன்னால் எக்ஸ்அரே பூஜ்யம் என்று விடை தரும். மழை இல்லை என்பதும் கணக்கே இல்லை என்பதும் ஒன்றல்ல. குறைந்தது ஒரு மதிப்பாவது இருந்தால்தான் கூட்டு என்று நிபந்தனை போட வேண்டும்.

இரண்டாவது, மழை நாள் எண்ணுவது. ஒரு நாளில் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்தால் அது மழை நாள். நான்கு கட்டத்தில் ஒன்றில் மட்டும் 12 மில்லிமீட்டர், மற்றவை வறட்சி என்று வையுங்கள். முதலில் சராசரி எடுத்தால் 3 வரும். முழுப் பகுதிக்கும் மழை நாள் என்றாகிவிடும். உண்மையில் மூன்று கட்டத்தில் தூறல்கூட இல்லை. ஆகவே கட்டம் கட்டமாக மழை நாளை எண்ணிவிட்டு, பிறகுதான் சராசரி எடுக்க வேண்டும். இதைப் பேத்தியும் கவனிக்கவில்லை, நாம்தான் பிடித்தோம்.

தேதியையும் கவனியுங்கள். நாம் இரவு கடை அடைக்கும்போது கணக்கு முடிக்கிறோம்; வானிலைத் துறையார் காலை 8.30-க்கு முடிக்கிறார்கள். 2015 டிசம்பர் முதல் தேதி பகலும் இரவும் கொட்டிய மழை இரண்டாம் தேதிக் கணக்கில்தான் இருக்கும்.

அந்த மழையே இந்த முறையின் எல்லையையும் காட்டுகிறது. அன்று தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், நுங்கம்பாக்கத்தில் 29. இரண்டுக்கும் இடையே தூரம் ஒரு கட்டத்தின் அகலத்தை விடக் குறைவு. கட்டத்தில் உள்ள எண், சுற்றியுள்ள மழைமானிகளின் அளவை, அருகில் உள்ளதற்கு அதிக மதிப்புக் கொடுத்துக் கலந்து எடுத்தது. மூட்டையில் குத்தூசி போட்டு எடுத்த மாதிரிகளைக் கலப்பது போலத்தான். குடோனுக்குள் வெள்ளம் வருமா என்பதற்கு இது பதில் சொல்லாது. பருவம் முழுவதும் எவ்வளவு பெய்தது என்பதற்கு நம்பலாம்.

இப்போது நாம் செய்வது இது. நடப்பு நாட்களுக்கான கட்டக் கணக்கையும் அவர்கள் தனியே தருகிறார்கள். நவம்பர் 15-ல் உட்கார்ந்து, அக்டோபர் முதல் தேதியிலிருந்து பெய்ததை நம் கட்டத்துக்கும் மேற்கே பாலாற்றுப் பக்கம் உள்ள கட்டத்துக்கும் தனித்தனியே கூட்டி, கடந்த முப்பது வருடத்தின் அதே நாட்களோடு ஒப்பிடுகிறோம். நடுவில் உள்ள வருடத்தை விடக் குறைந்தால் பாதிச் சரக்குக்கு மட்டுமே பணம். மீதிக்கு, ஏரிக் கரைக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு டிசம்பர் முதல் வாரத்தில் முடிவு செய்கிறோம்.