திருத்தும் உரிமையும் திருத்தும் கடமையும்

கம்ப்யூட்டர் என்னும் யந்திரம் தானாக ஒன்றையும் அறியாது. அதற்கு இடப்படும் கட்டளைகளின் தொகுதியே மென்பொருள். அக்கட்டளைகளை மனிதர் படித்தறியத்தக்க உருவில் எழுதிவைத்தது மூல நிரல் எனப்படும். மூல நிரலை மறைத்துவைத்து மென்பொருளை மட்டும் விற்பது ஒரு முறை. மூல நிரலை யாவரும் படிக்கவும், மாற்றவும், பிறருக்கு வழங்கவும் இசைவளித்து வெளியிடுவது மற்றொரு முறை. பின்னதே கட்டற்ற மென்பொருள். நிரல் எழுதுவோர் அன்றாடம் கையாளும் கம்பைலர்கள், பலரும் எடுத்தாளும் பொது நிரல் தொகுதிகள் முதலிய கருவிகளில் பெரும்பாலானவை இன்று இவ்வகையைச் சேர்ந்தவையே.

இந்தியாவில் இம்முறை வேரூன்றிய இடங்களுள் திருவனந்தபுரம் முதன்மையானது. 2001-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இந்நகரில் தொடங்கப்பெற்றது. இவ்வியக்கத்தின் மூலவரான ரிச்சர்டு ஸ்டால்மன் அவ்விழாவில் கலந்துகொண்டார். கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் கல்வி கட்டற்ற மென்பொருளைக் கொண்டே நடைபெறுகிறது. அதனை நடத்திய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் 2017-இல் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக மாற்றப்பட்டது. இத்துறையின் ஆராய்ச்சிக்கென மாநில அரசு நிறுவிய ‘ஐசிஃபாஸ்’ என்னும் மையமும் திருவனந்தபுரத்திலேயே உள்ளது.

இவ்வளவு பரவலாக உபயோகமாகும் மென்பொருளில் பிழை ஒன்று காணப்பட்டால், அதைத் திருத்தவேண்டியவர் யார்?

உரிமம் கூறுவது என்ன?

விலைக்கு வாங்கிய மென்பொருளில் பிழை இருப்பின் விற்றவரிடம் முறையிடலாம். ஆயின் அவர் திருத்தும்வரை காத்திருப்பதன்றி வேறு வழியில்லை. 2018 பிப்ரவரியில் குறிப்பிட்டதொரு தெலுங்கு எழுத்துக்கோவை வந்து சேர்ந்தாலே ஆப்பிள் நிறுவனத்தின் தொலைபேசிகளில் செய்திச் செயலிகள் செயலிழந்தன. தெலுங்கை நன்கறிந்த நிரல் வல்லுநர் எத்தனை பேர் இருந்தும், அத்திருத்தத்தைத் தாமே செய்து வழங்க அவர்களுக்கு வழியில்லை. அம்மாதத்திலேயே நிறுவனம் திருத்தம் வெளியிட்ட பின்னரே குறை நீங்கிற்று.

கட்டற்ற மென்பொருளின் நிலை இதற்கு நேர்மாறானது. திருத்தும் உரிமை அனைவருக்கும் உண்டு. ஆனால் அதன் உரிமங்கள், இம்மென்பொருள் எவ்வித உத்தரவாதமுமின்றி அளிக்கப்படுகிறது என்பதையும் தெளிவாகக் கூறுகின்றன. எனவே சட்டப்படி, பிழையைத் திருத்தும் கடமை எழுதியவருக்கு இல்லை. உரிமை எல்லோருக்கும் உரியதாயிருக்க, கடமை எவருக்கும் இல்லாமற் போவதே இம்முறையின் சிக்கல்.

எழுத்துக்கள் தரும் சான்று

இச்சிக்கலை விளக்க மலையாள எழுத்தே தகுந்த சான்று. தமிழில் ‘அவன்’ என்னும் சொல்லின் இறுதி எழுத்துக்குப் புள்ளி வைக்கிறோம். மலையாளத்தில் அவ்விடத்தில் ‘சில்லு’ எனப்படும் தனி வடிவம் வரும். 2008-ஆம் ஆண்டின் யூனிகோடு 5.1 பதிப்புக்கு முன்னர் சில்லெழுத்துக்களுக்குத் தனிக் குறியெண்கள் இல்லை. மெய்யெழுத்து, சந்திரக்கலை, கண்ணுக்குப் புலனாகாத இணைப்புக்குறி ஆகிய மூன்றையும் அடுக்கியே ஒரு சில்லு எழுதப்பட்டது. புலனாகாத குறி தேவையற்றது என்று ஒரு நிரல் அதை நீக்கிவிட்டால், சில்லெழுத்து வேறு வடிவாய்த் திரிந்துவிடும். சில சொற்களில் பொருளே மாறிவிடும்.

உயிர்க்குறிகளிலும் இத்தகைய நுட்பம் உண்டு. தமிழில் ‘கொ’ என்று எழுதுகையில் குறியின் ஒரு பகுதி மெய்க்கு முன்னும் மறுபகுதி பின்னும் நிற்பதுபோலவே மலையாளத்திலும் நிற்கும். கம்ப்யூட்டரின் நினைவகத்தில் குறி மெய்க்குப் பின்னரே பதிவாகிறது. திரையில் அதனைப் பிரித்து உரிய இடங்களில் அமைப்பது எழுத்து வடிவமைப்பு நிரலின் வேலை. முற்காலத்தில் பாங்கோ, க்யூடி, ஐ.சி.யு. ஆகிய ஒவ்வொன்றும் இவ்வேலைக்குத் தனித்தனி நிரல் வைத்திருந்தமையால், ஒரே பிழையைப் பல இடங்களில் திருத்த நேர்ந்தது. இன்று ‘ஹார்ஃப்பஸ்’ என்னும் பொது நிரலே ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரேஆபீஸ் ஆகியவற்றில் இப்பணியைச் செய்கிறது.

இந்நிரலைத் திருத்தவல்லார் பலருக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. திரையில் எழுத்து சிதைந்திருந்தாலும் அவர்கள் கண்ணுக்குப் பிழை தோன்றாது. பிழையை ஒரு நொடியில் காணும் பள்ளி ஆசிரியருக்கோ நிரலைத் திருத்தத் தெரியாது. இவ்விருவருக்கும் இடையே பாலமாக 2002 முதல் தொண்டாற்றி வருவது ‘ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்’ என்னும் தன்னார்வலர் குழு. பிழைகளைத் திரட்டி அறிவித்ததோடு அமையாது, திருத்தங்களையும் எழுதி அனுப்பி, மீரா முதலிய எழுத்துருக்களையும் இக்குழு பேணி வருகிறது.

திருத்தம் செல்லும் வழி

பிழையைக் கண்டவர் முதலில் அதை மீண்டும் தோன்றச் செய்யும் வழியைக் குறித்தல் வேண்டும்: எந்தப் பதிப்பு, எந்தச் சொல், எதிர்பார்த்தது யாது, கண்டது யாது. அடுத்து, நீக்கவேண்டிய வரிகளையும் சேர்க்கவேண்டிய வரிகளையும் காட்டும் ஒட்டு தயாரிக்கப்படும். மூல நிரலைப் பேணுவோர் அதனை ஆராய்ந்து, பிற மொழிகளுக்குத் தீங்கு விளையாதென உறுதிப்படுத்திய பின்னரே ஏற்பர். பிழை காட்டிய சொல் சோதனைத் தொகுப்பில் சேர்க்கப்படுமாயின், அதே பிழை பிற்காலத்தில் தலைகாட்டினால் உடனே புலப்பட்டுவிடும்.

ஓர் அலுவலகம் பிழையைத் தன் பிரதியில் மட்டும் திருத்திக்கொண்டு மூலத்துக்கு அனுப்பாது விட்டால், அடுத்த பதிப்பு வரும்போது பழைய பிழையும் உடன் வரும். அவ்வேலையை அவ்வலுவலகமே மீண்டும் மீண்டும் செய்ய நேரிடும். ஆதலால் திருத்தத்தை மூலத்தில் சேர்ப்பது தருமம் மட்டுமன்று, சிக்கனமும் ஆகும்.

பேணுவோரைப் பேணுதல்

இணையத்தில் செய்திகளை மறைத்து அனுப்ப உதவும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் நிரலில் 2012-இல் புகுந்த ஒரு பிழை 2014 ஏப்ரலில்தான் வெளிப்பட்டது. உலகின் பெரு நிறுவனங்கள் பலவும் அதை நம்பியிருந்தன. அதற்கென முழுநேரம் உழைத்தோரோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அதன் பின்னரே பல நிறுவனங்கள் கூடி இத்தகைய நிரல்களுக்கு நிதி திரட்டின.

2024-இல் வெளிப்பட்ட நிகழ்ச்சி இதனினும் கொடியது. கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்.இஜட்.’ என்னும் நிரலை ஏறத்தாழத் தனியொருவரே பேணிவந்தார். உதவ வந்தவர்போல் ஒருவர் ஈராண்டுகளுக்கு மேல் நம்பிக்கை பெற்று, அதில் இரகசிய வாயில் ஒன்றை அமைத்துவிட்டார். தொலைவிலுள்ள கம்ப்யூட்டருக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்னும் நிரலாளர் காரணத்தைத் தேடியதால் அது பெரும்பாலோரைச் சென்றடையுமுன் பிடிபட்டது. மூல நிரல் திறந்திருந்தமையால் அவரால் தேட முடிந்தது. ஆயினும் பேணுவோர் தனித்து விடப்பட்டமையே வஞ்சகனுக்கு வழி திறந்தது.

தமிழகத்தின் ஏரிகளைக் காத்த குடிமராமத்து முறையில், நீர் பெறுவோர் தத்தம் பங்குக்கு உழைப்பு நல்கினர். கரையைப் பேணும் பொறுப்பு ஏரியை வெட்டியவரோடு நின்றுவிடவில்லை. கட்டற்ற மென்பொருளுக்கும் இம்முறை பொருந்தும். பிழையைக் காணும் ஆசிரியரும் மாணவரும் தெளிவான அறிக்கை தரலாம். பொறியியல் மாணவர் சிறு திருத்தங்களை எழுதிப் பழகலாம். மூல நிரலைப் பேணுவோர் வருவனவற்றை ஆராய்ந்து ஏற்பர். மிகுந்த பயன் பெறும் அரசுகளும் நிறுவனங்களும் தம் ஊழியரின் பணிநேரத்தில் ஒரு பகுதியையும், பேணுவோருக்கு ஊதியத்தையும் ஒதுக்குதல் வேண்டும். மென்பொருளுக்கு விலை கொடாது மிச்சமாகும் பொருளில் ஒரு சிறு பங்கு இதற்குச் செல்வது நியாயமே. தன்னார்வலரின் ஓய்வு நேரத்தை மட்டும் நம்பி, மாணவர் தேர்வெழுதும் கருவிகளை நடத்திச் செல்வது எந்த அரசுக்கும் பாதுகாப்பானதன்று.