வீட்டுக்கு வந்த பூனைக்குட்டியோடு பழகுவது எப்படி?



கருக்களாச்சேரி போன்ற கடலோர ஊர்களில் பூனை புதிதல்ல. மீன் இறங்கும் கரையிலும், வலை காயும் மணலிலும், மீன் ஆயும் கொல்லைப்புறத்திலும் அது தானாகவே வந்து நிற்கும். ஆனால் வாசலில் வந்து நிற்கும் பூனை வேறு, நாம் பொறுப்பேற்று வீட்டுக்குள் வளர்க்கும் பூனை வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் திண்ணையடியில் ஒதுங்கிய குட்டியைப் பிள்ளைகள் தூக்கி வருகிறார்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்தவர்கள் ஆசையாகப் பெர்சியன் குட்டி வாங்கிக் கொடுக்கிறார்கள். முதல் நாள் வீடே கொண்டாடுகிறது. மூன்றாம் நாள் குட்டி பீரோவுக்கு அடியில் ஒளிகிறது, தூக்கினால் பிறாண்டுகிறது, பாயை அசுத்தம் செய்கிறது. சில வீடுகளில் பத்தாம் நாளே அதைச் சாக்கில் போட்டுக் கடற்கரையில் விட்டுவிடுகிறார்கள். மீன் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும் என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

அங்கே நாய்கள் இருக்கின்றன. ஏற்கெனவே இடம் பிடித்த பெரிய பூனைகள் இருக்கின்றன. தாயிடம் இரை தேடக் கற்காத குட்டி அங்கே பிழைப்பது அரிது. ஆகவே குட்டியோடு பழகத் தெரிந்துகொள்வது வெறும் பொழுதுபோக்கு விஷயமல்ல. பழக்கம் கூடிவராத வீட்டிலிருந்துதான் குட்டி தெருவுக்குப் போகிறது.

ஒரு பூனையைக் கட்டிப்போட்டு, உணவும் கொடுக்காமல், தானாக இரை தேட விடுவிக்கவும் செய்யாமல் சாகவிட்ட பெண் அதற்காகத் தண்டனைக்கு உள்ளானாள் என்ற நபிமொழி நாம் அறிந்ததே. புகாரி, முஸ்லிம் இரண்டு நூல்களிலும் அது பதிவாகியுள்ளது. வாயில்லா ஜீவனை நம் கைக்குள் கொண்டுவந்தால் அது அமானிதம். அதற்கு நாம் பதில் சொல்ல வேண்டும்.

அபூஹுரைரா (ரலி) அவர்களின் குட்டி

பூனையோடு பழகுவதற்கு அழகிய முன்மாதிரி நம் வரலாற்றிலேயே இருக்கிறது. ஹுரைரா என்றால் பூனைக்குட்டி. தமக்கு அந்தப் பெயர் வந்த காரணத்தை அபூஹுரைரா (ரலி) அவர்களே கூறிய செய்தி திர்மிதியில் உள்ளது. குடும்பத்தின் ஆடுகளை மேய்த்த காலத்தில் அவர்களிடம் ஒரு சிறு பூனைக்குட்டி இருந்தது. இரவில் அதை ஒரு மரத்தில் வைப்பார்கள். பகலில் தம்மோடு கொண்டுபோய் அதனுடன் விளையாடுவார்கள்.

இந்தச் சிறு செய்தியில் மூன்று விஷயங்கள் அடங்கியுள்ளன. இரவுக்குப் பாதுகாப்பான இடம், பகலில் கூட இருத்தல், விளையாட்டு. இன்று பூனைகளை ஆராய்பவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுவே. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பாதுகாப்பான இடம்

புதுக் குட்டிக்கு முழு வீட்டையும் முதல் நாளே திறந்துவிட வேண்டாம். ஆள் நடமாட்டம் குறைந்த ஓர் அறையோ, அறையின் ஒரு மூலையோ போதும். பக்கவாட்டில் வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி, அதற்குள் பழைய கைலி, சற்றுத் தள்ளித் தண்ணீர், உணவு, எதிர்மூலையில் மணல் நிரப்பிய பிளாஸ்டிக் தட்டு. உணவுக்குப் பக்கத்தில் மணல் தட்டை வைத்தால் பூனை அதைப் பயன்படுத்தத் தயங்கும். பாயில் அசுத்தம் செய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏறி உட்கார உயரமான இடமும் வேண்டும். மேலே இருந்து பார்க்கும்போதுதான் பூனைக்குத் தைரியம் வருகிறது. நாற்காலியோ அலமாரித் தட்டோ போதும்.

குட்டி ஒளிந்தால் இழுத்து வெளியே எடுக்காதீர்கள். ஒளிவது அதன் தற்காப்பு. ஒளிந்த இடத்தில் யாரும் தொந்தரவு செய்யவில்லை என்று தெரிந்தால் தானாக வெளியே வரும். ஓரிரு நாளில் வருவதும் உண்டு, சில வாரங்கள் ஆவதும் உண்டு. ஆனால் ஒரு நாள் முழுக்க எதுவும் தின்னாத குட்டியைத் தாமதமின்றி கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

2. கூட இருத்தல்

கூட இருப்பது என்றால் தூக்கி மடியில் வைத்துக்கொள்வதல்ல. அதே அறையில் தரையில் உட்கார்ந்து நம் வேலையைப் பார்ப்பது. கீரை ஆயலாம், ஓதலாம், பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதலாம். குட்டி தானாக வந்து மோந்து பார்க்கும். அப்போது ஒரு விரலை மட்டும் அதன் மூக்குக்கு நேராக நீட்டுங்கள். கன்னத்தைத் தேய்த்தால் அது சம்மதம். கன்னத்திலும் தாடைக்குக் கீழும் தடவுங்கள். வயிற்றையும் வாலையும் விட்டுவிடுங்கள். வாலை வேகமாக ஆட்டினாலும், காதைப் பின்னால் மடித்தாலும் உடனே கையை எடுங்கள்.

கண்ணைப் பார்த்து முறைப்பது பூனைக்கு மிரட்டல். மெதுவாகக் கண்ணை மூடித் திறப்பது நட்பு. இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிக் கண் சிமிட்டியவர்களிடம் பூனைகள் அதிகம் நெருங்கி வந்தன. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2019-இல் நடந்த ஆய்வில், வளர்ப்பவரைச் சற்றுப் பிரிந்து மீண்டும் கண்ட குட்டிகளில் சுமார் 64 விழுக்காடு, அவர் அருகில் இருப்பதிலேயே தைரியம் பெற்று அறையைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கின. பூனைக்குப் பாசமில்லை, வீட்டை மட்டும்தான் அறியும் என்ற பேச்சு சரியல்ல.

பிறந்து இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை மனிதர் கை பட்ட குட்டிகள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. அதற்காகத் தாயிடமிருந்து சீக்கிரம் பிரிக்கக் கூடாது. எட்டு வாரமாவது தாயோடு இருக்கட்டும். தெருவில் வளர்ந்து, அந்தப் பருவத்தைத் தாண்டி வந்த குட்டியும் பழகும். நமக்குப் பொறுமை கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

3. விளையாட்டு

பூனையின் விளையாட்டு எல்லாம் வேட்டைப் பயிற்சி. ஒரு குச்சியில் துணியைக் கட்டித் தரையில் இழுத்தால் போதும். ஒரு வேளைக்குப் பத்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று வேளை. முடிவில் துணியைப் பிடிக்க விட்டு, உடனே உணவு கொடுங்கள். கையையும் காலையும் ஆட்டி விளையாட்டுக் காட்டக் கூடாது. கடிக்கலாம் என்று குட்டியில் நாம் பழக்கியதை, வளர்ந்தபின் குற்றமாகச் சொல்வது நியாயமல்ல. விளையாடிய நூலையும் ரப்பர் வளையத்தையும் எடுத்து வைத்துவிடுங்கள். விழுங்கினால் குடலில் சிக்கும்.

மத்ரஸா விட்டு வரும் பிள்ளைகள் மொத்தமாகக் குட்டியைச் சூழ வேண்டாம். ஒரு நேரத்தில் ஒருவர், தரையில் உட்கார்ந்து, சத்தமில்லாமல்.

உணவும் உடல்நலமும்

பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். மீன் ஆணத்தில் பிசைந்த சோறும் ஆகாது. உப்பும் மிளகாயும் கெடுதல், வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம். முள் நீக்கி அவித்த மீன், உப்பில்லாமல் அவித்த கோழி, குட்டிகளுக்கான தீவனம் ஆகியவற்றை மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக நாளுக்கு நான்கு முறை கொடுக்கலாம். மீனை மட்டுமே கொடுத்து வளர்க்கக் கூடாது. காய்ச்சலுக்கு நாம் போடும் பாரசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரைப் பறிக்கும். பினாயில் ஊற்றித் துடைத்த தரையில் ஈரம் காயும்வரை விடாதீர்கள்.

முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டிக் குடற்புழு மருந்து கொடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாத வயதில் போட்டு, மருத்துவர் சொல்லும் கெடுவில் மறுபடியும் போட வேண்டும். குட்டி கடித்தாலோ பிறாண்டினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு வைக்க வேண்டாம். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. திட்டுவார்களோ என்று பயந்து பிள்ளைகள் காயத்தை மறைப்பார்கள். மறைக்காமல் சொன்னால் திட்டமாட்டோம் என்று முன்கூட்டியே அவர்களுக்கு உறுதி கொடுங்கள்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனையை விரட்ட வேண்டியதில்லை. மணல் தட்டை வேறொருவர் தினமும் சுத்தம் செய்தால், பூனை மலத்தால் பரவும் டாக்ஸோபிளாஸ்மா கிருமி பெருமளவு தவிர்க்கப்படும்.

தூய்மை பற்றிய கேள்வி

பூனை வாய்வைத்த தண்ணீரில் ஒளு செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் ஒளுத் தண்ணீர்ப் பாத்திரத்தைப் பூனை குடிப்பதற்காகச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் கப்ஷா வியந்து பார்த்தபோது, பூனை அசுத்தமானதல்ல, அது நம்மைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்ற கருத்துள்ள நபிமொழியை எடுத்துச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதி நூல்களில் இது உள்ளது. அதன் சிறுநீரும் மலமும் நஜீஸ்தான், பட்ட இடத்தைக் கழுவ வேண்டும். முஸல்லாவை எட்டாத உயரத்தில் வையுங்கள். உதிர்ந்த முடி பற்றிய சட்டத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எடுக்கும் முன் யோசிப்போம்

வீட்டுப் பூனை பதினைந்து ஆண்டுகூட வாழும். ஊசிச் செலவும் உணவுச் செலவும் அத்தனை காலத்துக்கும் உண்டு. வெளியூர் போகும்போது பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அடர்ந்த முடியுள்ள பெர்சியனுக்கு நம் வெயில் பெரும் சிரமம், தினமும் சீவிவிட வேண்டும். இவை முடியாதென்றால் குட்டியை எடுக்காதிருப்பதே அதற்குச் செய்யும் நன்மை. வாசலில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தாலும் கூலி உண்டு. எடுத்தபின் முடியாமல் போனால், கரையில் விடாமல், வளர்க்க மனமுள்ள வீட்டைத் தேடிக் கொடுப்போம்.

நம் பொறுப்பில் வந்த எந்த உயிருக்கும் அநீதி செய்யாதவர்களாக நம்மை அல்லாஹ் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.